ஆறுமணிக்குருவியின் ஆறு மணி

ஆறுமணிக்குருவிக்குப் பெயர் வைத்தவர்கள் அதைப் பார்த்து வைக்கவில்லை, கேட்டு வைத்திருக்கிறார்கள். வடக்கே அதை ‘நவரங்’ என்பார்கள். உடம்பில் ஒன்பது நிறம் என்பது அவர்கள் கணக்கு. தமிழருக்கு நிறம் பெரிதாகப் படவில்லை. வடக்கே மழைக்காலத்தில் குஞ்சு பொரித்து முடித்து, புரட்டாசி ஐப்பசியில் தெற்கே வலசை வரும் இந்தப் பறவை, விடியலில் ஆறு மணி வாக்கிலும் அந்தியில் ஆறு மணி வாக்கிலும் புதருக்குள் இருந்தபடி இரண்டு சுரத்தில் சீட்டியடிக்கும். ஆளைக் காண்பது அரிது. பொழுதைச் சொல்லும் குரல் போதும் என்று பெயரை முடித்துவிட்டார்கள்.

இந்தியச் சட்டத்துக்கும் ஓர் ஆறு மணி உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள், காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மீதி இரவு என்று வகுத்திருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பேட்டைக்கு 75, 65. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே 50, 40. அட்டவணை இத்துடன் முடிகிறது. காடு என்றொரு வரி அதில் இல்லை.

ஆக, பறவை வாயைத் திறக்கிற அதே நிமிடத்தில் சட்டம் ஒலிக்கான உச்சவரம்பைத் தளர்த்துகிறது. இந்த இரண்டு ஆறு மணியும் ஒன்றோடொன்று மோதுகிற இடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள், போடிநாயக்கனூருக்கு மேற்கே முந்தல் சோதனைச் சாவடியில் விடியுமுன் நின்றால் போதும்.

பதினேழு வளைவு, பதினேழு ஹாரன்

கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85, முந்தலில் மலையேறத் தொடங்குகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் நாலாயிரம் அடிக்கு மேலே போடிமெட்டு. அதற்கப்பால் கேரளம்: பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை. ஏலக்காய் விளைவது பெரும்பாலும் அங்கே. அதைப் பறிக்கும் கைகளில் பெரும்பகுதி தேனி மாவட்டத்துக் கைகள். போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்து தூக்குவாளியோடு பெண்கள் இருட்டிலேயே ஜீப் ஏறுகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஜீப்புகள் முதல் கியரில் முனகிக்கொண்டு மேலே போகின்றன. வளைவுக்கு வளைவு ஹாரன். எதிரே லாரி வருகிறதா என்று தெரியாத முனையில் ஹாரன் அடிக்காத ஓட்டுநரை யாரும் நல்ல ஓட்டுநர் என்று சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சரிவில் இதே நேரத்தில் வேறொரு வேலையும் நடக்கிறது. வெளிச்சம் வருவதற்கு முன்பே, ஓடைக்கரைப் பாறையில் இருந்து சீகாரப் பூங்குருவி பாடத் தொடங்கும். வெள்ளைக்காரர்கள் அதற்கு ‘சீட்டியடிக்கும் பள்ளிக்கூடத்துப் பையன்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மெட்டு பாதியில் மறந்துபோன பையனைப் போலத்தான் அது பாடும். அடுத்து சின்னக் குக்குறுவான், கொண்டைக்குருவி, காட்டுக்கோழி, கரிச்சான் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். எல்லை இதுவரை என்று அறிவிப்பது, துணை தேடுவது, இரவைப் பிழைத்துவிட்டேன் என்று அண்டை அயலுக்குத் தெரிவிப்பது எல்லாம் விடியலை ஒட்டிய ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் அதிகம். காற்று அசையாத, தரையோரம் குளிர்ந்து கிடக்கிற நேரம் அது. கீழே குளிர்ந்த காற்றும் மேலே சற்றே வெதுவெதுப்பான காற்றும் இருக்கும்போது ஒலி வானுக்குச் சிதறாமல் தரைப் பக்கமே வளைந்து நெடுந்தூரம் போகும். அந்த வசதி பறவைக்குக் கிடைக்கிற அளவு டீசல் எஞ்சினுக்கும் கிடைக்கிறது.

ஏலத்தோட்டத்தில் இது ஏன் கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய விஷயம்? தேயிலை வெயிலில் வளரும். ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆகவே தேயிலை மலையில் காடு மொத்தமாகப் போய்விட்டது. ஏலமலையில் உயர்ந்த மரங்கள் பாதியேனும் நிற்கின்றன. அந்த மரங்களை நம்பித்தான் தீக்காக்கை, மரகதப்புறா, இருவாச்சி போன்ற காட்டுப் பறவைகள் தோட்டத்துக்குள்ளும் காலந்தள்ளுகின்றன. வால்பாறைப் பகுதியில் மழைக்காட்டுத் துண்டுகளையும் நிழல் தோட்டங்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்த டி.ஆர். சங்கர் ராமன், காட்டை ஒட்டிய நிழல் தோட்டங்கள் மழைக்காட்டுப் பறவைகள் பலவற்றைத் தாங்கி நிற்பதைப் பதிவுசெய்திருக்கிறார். மரம் நின்றால் பறவை நிற்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் மரம் முழுசாக நின்றும் பறவை போய்விடக்கூடும் என்பதை இன்னொரு நாட்டில் காட்டியிருக்கிறார்கள்.

சாலையே இல்லாத சாலை

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்ஸி நகருக்கு அருகே சாலை எதுவும் இல்லாத ஒரு மலை முகட்டில், அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளைக் கட்டினார்கள். 2012 இலையுதிர்காலம், வலசைப் பறவைகள் இறங்கி இரையெடுத்துப் போகும் நேரம். வாகன இரைச்சலைப் பதிவுசெய்து நான்கு நாள் ஒலிக்கவிட்டார்கள், நான்கு நாள் நிறுத்தினார்கள். புகை இல்லை, வெளிச்சம் இல்லை, அடிபட்டுச் சாகும் ஆபத்து இல்லை. இரைச்சல் மட்டும். பறவைகளின் எண்ணிக்கை கால்பங்குக்கு மேல் குறைந்தது. இரண்டு இனங்கள் அந்த முகட்டையே ஏறக்குறையக் கைவிட்டன. போகாமல் தங்கியவற்றைப் பிடித்து எடைபோட்டபோது சில இனங்கள் உடல் தேறாமல் இருந்தன. காரணத்தைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள்: எதிரி வரும் ஓசை காதில் விழாததால், பறவை அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. தலையைத் தூக்கும்போது கொத்த முடியாது.

எண் ஒன்றைச் சொன்னால் இதன் கனம் புரியும். பின்னணி இரைச்சல் 3 டெசிபல் கூடினாலே ஒரு விலங்குக்குக் காது எட்டும் பரப்பு பாதியாகச் சுருங்கிவிடும். 10 டெசிபல் கூடினால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நமக்கு ‘கொஞ்சம் சத்தம் அதிகம்’ என்று தோன்றுவது அதற்குச் சுவர் எழுப்பிய மாதிரி.

எல்லாப் பறவைக்கும் இந்தச் சுவர் ஒரே உயரம் அல்ல. வண்டி இரைச்சலின் பலம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். தாழ்ந்த குரலில் ‘ஊம்… ஊம்…’ என்று அனத்தும் மரகதப்புறா, செம்போத்து, ஆந்தை ஆகியவை அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே பேச வேண்டும். கீச்சுக்குரல் சிட்டுகள் மேலே தப்பித்துக்கொள்ளலாம். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் நம் பட்டாணிக்குருவியின் நெருங்கிய உறவான பறவையை ஆராய்ந்து 2003இல் வெளியான கட்டுரை இதைத்தான் சொன்னது: இரைச்சல் மிகுந்த தெருவில் வாழும் ஆண்கள் உச்சமான சுரத்தில் பாடுகின்றன. பெர்லினில் இராப்பாடிகள் கத்திப் பாடின. அதிக இரைச்சலான இடத்தில் 14 டெசிபல் வரை கூடுதலாக. அதுவும் வேலை நாட்களில் கத்தல், வார இறுதியில் சற்று அடக்கம்! இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபின்கள் பகலைக் கைவிட்டு இரவில் பாடப் போயின. ஐரோப்பிய விமான நிலையங்களை ஒட்டி வாழும் பறவைகள், முதல் விமானத்துக்கு முன்பே பாடிவிடும்படி விடியலை முன்னால் இழுத்துக்கொண்டன.

‘பார்த்தீர்களா, பழகிக்கொள்கின்றனவே’ என்று சொல்லத் தோன்றும். இந்தப் பேச்சுதான் எல்லா ஒலிபெருக்கிக்காரர்களும் அண்டை வீட்டாரிடம் சொல்வது. போடிமெட்டுச் சரிவில் இது எடுபடாது; இரண்டு காரணங்கள். ஒன்று, முன்னால் நகர இடமில்லை. ஐரோப்பாவில் அதிகாலை நான்கரைக்குச் சாலை தூங்கும். இங்கே அந்த நேரத்திலேயே முந்தலில் ஜீப் விளக்குகள் தெரியும். பறவை எவ்வளவு முன்னால் போனாலும் அதற்கு முன்னால் ஒரு வண்டி போயிருக்கும். இரண்டாவது காரணம் பறவையின் பிறவியில் இருக்கிறது. சிட்டு, கரிச்சான், பூங்குருவி போன்றவை பாட்டைக் கேட்டுக் கற்பவை. ஆகவே மாற்றிக்கொள்ள ஓரளவு இடமுண்டு. புறாவும் குக்குறுவானும் ஆறுமணிக்குருவியும் அந்தக் குடும்பத்தில் சேராதவை. அவற்றின் குரல் பெரும்பாலும் பிறக்கும்போதே எழுதப்பட்டது. ஆறு மணியை ஐந்தாக்கிக்கொள் என்று அதனிடம் சொல்லிப் பயனில்லை.

கற்றுக்கொள்கிற பறவைக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் மட்டும் வாழும் சோலைக்கிளி என்ற சிறு பறவை இருக்கிறது. பெயரில்தான் கிளி, உண்மையில் தரையோரம் பூச்சி பொறுக்கும் நீலப் பறவை. பழனி மலை, மூணாறு உயர்மலை, மேகமலை என்று போடியைச் சூழ்ந்த உச்சிகளெல்லாம் அதன் வீடு. வி.வி. ராபினும் சக ஆய்வாளர்களும் இதன் பாட்டை மலை மலையாகப் பதிவுசெய்து 2011இல் வெளியிட்டார்கள். பள்ளத்தாக்குகள் பிரித்த மலைகளில் பாட்டு வேறாக இருந்தது; காடழிப்பால் அண்மையில் துண்டான இடங்களிலும் வேறாகிக்கொண்டிருந்தது. ஊருக்கு ஊர் பேச்சு வழக்கு மாறுவதுபோல. 2017இல் அதற்கு ‘சோலிகோலா’ என்று தனிப் பேரினமே தந்தார்கள். நம் ‘சோலை’ அறிவியல் பெயருக்குள் ஏறிவிட்டது. தகப்பன் பாட்டைக் கேட்டுப் படிக்க வேண்டிய குஞ்சுக்கு, பாதிப் பாட்டுதான் காதில் விழுகிறது என்றால், அந்த மலையின் வழக்கில் எது மிஞ்சும்?

கரிச்சானின் எச்சரிக்கை

காட்டுக்குள் பறவைகள் இனம் பார்த்து மட்டும் கூடுவதில்லை. சிலம்பன், சிட்டு, மரங்கொத்தி எல்லாம் ஒரே கூட்டமாக இரை தேடி நகரும். அந்தக் கூட்டத்துக்குக் காவல்காரன் துடுப்புவால் கரிச்சான். இலங்கையின் சிங்கராஜ வனத்தில் ஈபன் குட்டேலும் சரத் கொட்டகமவும் இந்தக் கூட்டுக் குடும்பத்தை நெடுங்காலம் கவனித்தார்கள். அங்குள்ள கரிச்சான் வல்லூறு வருவதை முந்தி அறிவிக்கும். மற்றப் பறவைகளின் குரலையும் அப்படியே செய்துகாட்டிக் கூட்டம் சேர்க்கும். இந்த ஏற்பாடு முழுவதும் காதை நம்பியது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நெடுஞ்சாலையோரம் ஒரு பறவையின் அபாயக் குரலை ஒலிக்கவிட்டுப் பார்த்தபோது, அமைதியான இடத்தில் உறைந்து நின்ற அடுத்த இனப் பறவை, இரைச்சலான இடத்தில் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

இரைச்சலால் லாபம் அடையும் பறவைகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் எரிவாயுக் கிணறுகளின் அழுத்த எந்திரங்கள் இரவும் பகலும் ஓடும் இடங்களில் சில சின்னப் பறவைகளின் கூடுகள் நன்றாகவே பிழைத்தன. முட்டை திருடும் ஜே பறவைகள் சத்தத்துக்கு அஞ்சி விலகிவிட்டதே காரணம். ஆனால் அதே ஜே பறவைதான் அங்குள்ள பைன் மரத்தின் விதையைப் புதைத்து வைத்து மறந்துபோகிறது. 2012இல் வெளியான தொடர் ஆய்வில், அமைதியான இடங்களில் பைன் நாற்றுகள் இரைச்சலான இடங்களைவிட நான்கு மடங்கு அதிகமாக இருந்தன. ஏலத்தோட்டக்காரர்கள் இந்த ஒரு தகவலையாவது மனதில் வைக்கலாம். அவர்கள் செடிக்கு நிழல் தரும் காட்டு மரங்களில் பலவற்றுக்கு விதை போடும் கூலியில்லா ஆட்கள் இருவாச்சி, புறா, குக்குறுவான்.

தோட்டத்துக்குள்ளும் சத்தத்துக்குக் குறைவில்லை. மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், தண்ணீர் மோட்டார், மின்சாரம் போனால் ஜெனரேட்டர். யானை வந்தால் வெடி. சின்னக்கானல் பக்கம் யானைகளுக்கும் மக்களுக்கும் நடக்கும் போராட்டத்தை, 2023இல் அரிக்கொம்பன் என்ற யானை பிடிபட்டு, இடம் மாற்றப்பட்டு, கம்பம் நகருக்குள் நுழைந்தபோது நாடே அறிந்தது. உயிருக்குப் பயந்து வெடி போடுகிறவரிடம் பறவைக் கதை பேச முடியாது. ஆனால் எல்லா வெடியும் யானைக்காகப் போடப்படுவதில்லை.

சுற்றுலா ஜீப்பின் கதை வேறு. உலகிலேயே உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம் என்று விளம்பரமாகும் கொழுக்குமலை, தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. போகும் பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி வழி. அங்கே சூரிய உதயம் பார்ப்பதுதான் விசேஷம். ஆகவே விடியுமுன் ஜீப்புகள் வரிசையாகக் கல்லும் மேடுமான பாதையில் உறுமிக்கொண்டு ஏறுகின்றன. மலைப் பறவைகள் பெரும்பாலும் கூடு கட்டும் காலம் மாசியிலிருந்து வைகாசி வரை. கூட்டம் அலைமோதும் கோடை விடுமுறை அதற்குள்ளேயே வருகிறது. கூலிக்காக விடியலில் ஏறும் ஜீப்பையும், செல்ஃபிக்காக விடியலில் ஏறும் ஜீப்பையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

அமைதி திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது போடிமெட்டு எல்லையும் அடைபட்டது. வேலைக்குப் போக வழியின்றித் தொழிலாளர்கள் தவித்தார்கள். அதே ஊரடங்கு வசந்தத்தில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் வெள்ளைக்கொண்டைச் சிட்டுகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். நகரத்தின் இரைச்சல் 1950களின் அளவுக்கு இறங்கியிருந்தது. பறவைகள் முன்பைவிட மெல்லிய குரலில் பாடின. ஆனாலும் பாட்டு இரண்டு மடங்கு தூரம் கேட்டது. குரலில் நுணுக்கம் கூடியிருந்தது. அதற்கு அவற்றுக்குப் பல தலைமுறை தேவைப்படவில்லை. சில வாரங்கள் போதுமாக இருந்தன.

பறவைக்காக வாயைக் கட்டிக்கொள்வது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி கிடையாது. நெல்லையின் கூந்தன்குளத்திலும் அப்படியே. எந்த அரசாணையும் வருவதற்கு முன்பே ஊர்க்கட்டுப்பாடு வந்துவிட்டது. வேறுபாடு என்னவென்றால், நீர்ப்பறவை ஊர் நடுக் கண்மாயில், கருவேல மரத்தில், கண்ணெதிரே குஞ்சு பொரிக்கிறது. ‘எங்க ஊர்ப் பறவை’ என்று சொல்ல ஓர் ஊர் இருக்கிறது. ஏலமலையின் பறவை இலைக்குள் ஒளிந்து குரலாக மட்டும் இருக்கிறது. அந்தக் குரலும் கேட்காமல் போனால் அது இருந்ததற்கு அடையாளமே இல்லை.

புலிக்கு இந்த இக்கட்டு இல்லை. பந்திப்பூரில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. சத்தியமங்கலத்தில் இரவுத் தடையை நடைமுறைப்படுத்த 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் சிவனி வழியாக, பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலை 44இல் ஒளியையும் ஒலியையும் தடுக்கச் சுவர்களே எழுப்பியிருக்கிறார்கள். போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தை அனுமதிக்க முடியாது என்று 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோதும் புலிகளின் வழித்தடம் காரணமாகக் காட்டப்பட்டது. பறவையின் பெயரைச் சொல்லி ஒரு ஹாரனைக்கூட இந்த மலையில் யாரும் நிறுத்தச் சொன்னதில்லை. இத்தனைக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவைக் கூட்டைக் கலைப்பதே ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் அடக்கம். இரைச்சலால் கலைந்த கூடு அதில் சேருமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு யாராவது நீதிமன்றப் படியேறினால் பதில் சுவையாக இருக்கும்.

போடிமெட்டில் விடியல் தடை சாத்தியமில்லை, கேட்பதும் பாவம். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடுகள் அவை. சாலையும் இனிக் குறுகப் போவதில்லை. மூணாறு-போடிமெட்டுப் பகுதி, ஏறக்குறைய 42 கிலோமீட்டர், அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2010 இறுதியில் நின்றுபோன ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பிவிட்டது. இனி வண்டி கூடும்.

செய்யக்கூடியவை சிறியவை. பல சுரங்களில் அலறும் ஏர் ஹாரன்களை மோட்டார் வாகன விதிகள் ஏற்கெனவே தடைசெய்திருக்கின்றன. முந்தல் சாவடியில் கழற்றி வைத்துவிட்டு மலையேறச் சொன்னால் போதும். வளைவுகளில் குவியாடி வைத்தால் ஹாரனின் தேவை பாதி குறையும். கொழுக்குமலைச் சவாரியைக் கூடு கட்டும் மாதங்களில் ஒரு மணி நேரம் தள்ளிவைக்கலாம். சூரியன் ஏழு மணிக்கும் அங்கேதான் இருக்கும். ஒலி அட்டவணையில் காட்டுக்கு ஒரு வரி சேர்த்து, பகலின் தொடக்கத்தைச் சூரியனிடம் கேட்டுத் தீர்மானிக்கலாம்.

தொழிலாளர்களுக்கு வேண்டியது பேருந்து. பத்துப் பதினைந்து பேரை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்புகள் நான்கைந்தின் வேலையை ஒரு பேருந்து செய்யும். ஜீப் கவிழ்ந்து பெண்கள் சாகும் செய்தியும் குறையும். அதிகாலை ஐந்துக்குள் போடியில் புறப்பட்டுப் பூப்பாறை வரை போகும் பேருந்துகள் கூடினால் பதினேழு வளைவின் இரைச்சல் கண்கூடாக இறங்கும். ஆனால் தோட்டங்கள் சாலையோரத்தில் இல்லை. பூப்பாறையில் இறங்கிய பிறகு எஸ்டேட் வாசல் வரை மண்பாதை, அதில் பேருந்து போகாது. அந்தக் கடைசி மூன்று நான்கு கிலோமீட்டருக்கு முதலாளி வண்டி அனுப்ப வேண்டும், அல்லது பெண்கள் நடக்க வேண்டும். நடக்கிற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுப்பது யார் என்ற இடத்தில்தான் பேச்சு நிற்கும்.